தமிழகத்தில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை: திருகோணமலைப் பெற்றோர் திரட்ட வேண்டிய ஆவணங்கள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, தாயும் தந்தையும் இலங்கையர் என்பதனால் மாத்திரம் இலங்கைக் குடியுரிமையைப் பெற்றுவிடுவதில்லை; அந்தப் பிறப்பு இலங்கை அரசிடம் முறைப்படி பதியப்பட வேண்டும். 1990 இலும் 2006 இலும் மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி போன்ற இடங்களிலிருந்து மன்னார் வழியாகப் படகேறித் தமிழகம் சென்று, மண்டபம் முதலிய முகாம்களில் குடும்பமாகி, பின்னர் ஊர் திரும்பியோரின் வீடுகளில் இந்தப் பதிவு இன்றி வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பத்துக்கு எந்த ஆவணங்களை எந்த வரிசையில் திரட்ட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வளைகுடா நாடுகளில் பிள்ளை பெற்றுத் திரும்பிய கிண்ணியா, மூதூர்க் குடும்பங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

பெரும்பாலானோர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று. பிள்ளையின் உரிமை தாய் அல்லது தந்தையின் உரிமையிலிருந்து வருவதால், பெற்றோரின் பத்திரங்கள் ஒழுங்காகாத வரையில் பிள்ளையின் விண்ணப்பக் கோவை ஓரங்குலமும் நகராது.

சட்டம் கேட்பது

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவே இங்கு அடிப்படை. பிள்ளை பிறந்த நேரத்தில் தாய் அல்லது தந்தை இலங்கைப் பிரசையாக இருந்திருக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இலங்கையில் உரிய அமைச்சின் அலுவலகத்திலோ அப்பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் வழி அடைபட்டுவிடாது; தக்க காரணம் காட்டப்படுமிடத்து அக்காலத்தை நீடிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. முன்னர் தந்தையின் குடியுரிமை மாத்திரமே பொதுவாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாயையும் தந்தையையும் சமமாக்கியது. தந்தையின் பத்திரங்கள் கிடைக்காத குடும்பங்களுக்கு இந்தத் திருத்தம் மிகப் பெரிய துணை.

இந்தியாவில் பிறந்ததனால் பிள்ளை இந்தியப் பிரசையாகியிருக்கும் என்று எண்ணிப் பதிவைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. 1987 ஜூலை 1 க்கு முன் பிறந்தவர்களுக்கே, பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பினால் இந்தியக் குடியுரிமை பொதுவாகக் கிடைத்தது. அதன் பின்னர் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது. ஆகவே தாயும் தந்தையும் இலங்கையராக இருந்து, இந்த ஆண்டுகளில் முகாமில் பிறந்த பிள்ளையிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். இந்தியக் குடியுரிமை அன்று. இலங்கையிலும் பதியாவிட்டால் அந்தப் பிள்ளையைத் தன் பிரசை என்று ஏற்க எந்த நாடும் இராது. பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலையில் விண்ணப்பப் படிவம் தரும்போதுதான் பல பெற்றோர் இதை அறிகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் அந்த வேளையில் பிள்ளைக்கு இந்தக் கலக்கத்தைக் கொடுக்கலாகாது. இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குங்கள்.

முதலில் தாய் தந்தையரின் பத்திரங்கள்

தாய், தந்தை இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களினதும் அண்மையில் பெற்ற உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள் தேவை. முப்பது ஆண்டுகளாக மடித்து வைத்துக் கிழிந்த பிரதியைக் கொண்டு செல்ல வேண்டாம். பதிவுகள் பெருமளவு கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், சம்பூரில் பிறந்தவர் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலோ, கொழும்பில் தங்கியிருந்தால் அங்குள்ள பிரதேச செயலகத்திலோகூட விண்ணப்பித்துப் பார்க்கலாம். பதிவிலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் வேலை விரைவில் முடியும். தெரியாவிட்டால், பிறந்த ஆண்டை ஒட்டிய காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடுமாறு கேட்க வேண்டும். கூடப்பிறந்தவர் எவரிடமாவது பழைய சான்றிதழ் இருந்தால் அதில் உள்ள பதிவுப் பிரிவின் பெயர் உங்கள் தேடலுக்கும் உதவும்.

தேடியும் பதிவு கிடைக்கவில்லை எனில், கிடைக்கவில்லை என்பதையே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு திரும்பி வருவது அடுத்த அலுவலகத்தில் எந்தப் பயனையும் தராது. எழுத்தில் உள்ள பெறுபேறு, காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க அடிப்படையாகும். ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பெற்றோரின் விவாகப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு ஆகியவை அந்த விண்ணப்பத்துக்குச் சான்றாகும். பெற்றோர் படித்த பாடசாலை போரில் இடம்பெயர்ந்திருந்தாலும், அதன் பதிவேடுகள் வேறிடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கக்கூடும். அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் விசாரிக்காமல் கைவிட வேண்டாம்.

தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதியதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பிறந்த காலத்தில் வைத்திருந்த கடவுச்சீட்டு, அது காலாவதியானதாயினும், மிகவும் பெறுமதியானது. ஏனெனில் அந்தத் திகதியில் நீங்கள் இலங்கைப் பிரசையாக இருந்தீர்கள் என்பதை அதுவே நேரடியாகக் காட்டுகிறது. வளைகுடாவில் பணியாற்றியவர்களிடம் அது இருக்கும். படகில் சென்றவர்களிடம் இராது. அவர்கள் முகாம் குடும்ப அட்டை, அகதி அடையாள அட்டை, திரும்பும்போது சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் வழங்கிய தற்காலிகப் பயணப் பத்திரம் ஆகியவற்றை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து வந்து இம்மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். இலங்கை மண்ணில் பிறந்திருப்பது மாத்திரம் குடியுரிமையைத் தருவதில்லை என்பதால், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று பதிவாகியிருந்தால், அவர்களுடைய குடியுரிமைக்குத் தனிச் சான்று கேட்கப்படலாம். பாட்டன் பாட்டியின் பிரசாவுரிமைச் சான்றிதழ், அல்லது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டத்தின் கீழான பிரகடனம் இதற்கு உரியது. போரினால் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தவர்களையும் உள்ளடக்கும் வகையில் அச்சட்டம் 2009 இல் திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட கோவையைத் தனியே சுமக்காமல் ஒரு சட்டத்தரணியிடமோ, அகதிகள் மீள்திரும்பலில் பணியாற்றும் அமைப்பிடமோ முதலிலேயே காட்டுவது நல்லது.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்

தமிழகத்துச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்பதே. மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிந்துவிட்டு, பெயர் சூட்டிய பிறகு அதைச் சேர்க்காமல் விட்ட சான்றிதழ்கள் மிகப் பல. இந்தியாவின் 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு பெயரைப் பின்னர் சேர்க்க இடமளிக்கிறது. ஆனால் அது இந்தியப் பதிவாளரிடம் செய்ய வேண்டிய வேலை. இன்னும் முகாமில் இருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்னரே இதைச் செய்து முடியுங்கள். ஊருக்கு வந்துவிட்டவர்கள், அங்குள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தைச் சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டு, பெற்றோரின் அடையாள ஆவணப் பிரதிகளுடன் அனுப்பி முயல வேண்டும்.

புதிய பிரதி எடுக்க வேண்டுமாயின், பதிவு எங்கே இருக்கிறது என்று அறிவது அவசியம். மாநகராட்சி, நகராட்சி மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிறப்புகள் அந்த உள்ளூராட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவில் இருக்கும். கிராமங்களில் நிகழ்ந்தவற்றை முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்க வேண்டும், பழையவையாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டியிருக்கும். அண்மைய ஆண்டுகளின் சான்றிதழ்களை இணையத்திலிருந்தே பதிவிறக்கலாம்.

பிறப்பே பதியப்படவில்லை எனில் வேலை கடினமானது. மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது தந்த குறிப்பு, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்ட பக்கம், பாடசாலை மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்து முதலில் இந்தியாவில் தாமதப் பதிவு பெற வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளையை இலங்கையில் பிறந்ததாகக் காட்டிப் பதிந்துவிடலாம் என்று எவராவது ஆலோசனை சொன்னால், அதை ஏற்கவே வேண்டாம். அது பொய்ப் பதிவு. பிள்ளை வளர்ந்து கடவுச்சீட்டு எடுக்கும் நாளில் அதன் சுமை முழுவதும் பிள்ளையின் தலையில் விழும்.

முகாமில் இருந்தபோதே சென்னைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்தவர்களிடம் கொன்சியூலர் பிறப்புச் சான்றிதழ் இருக்கலாம். அதையும் குடியுரிமைச் சான்றிதழையும் குழப்பிக்கொள்ளாமல், கையில் இருப்பது எது என்று தலைப்பைப் படித்து உறுதி செய்யுங்கள்.

விவாகப் பதிவு

முகாம் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதியர் பலர். விவாகச் சான்றிதழ் இருந்தால் பிரதியை இணைக்கவும். இல்லாவிட்டால், ஊர் திரும்பிய பின் பதிந்துகொள்வது சட்டப்படி தடையற்றது. எனினும் பதிவுத் திகதி பிள்ளையின் பிறப்புக்குப் பின்னதாக இருக்கும் என்பதால் அதற்கான விளக்கத்தைச் சத்தியக் கடதாசியில் தெளிவாக எழுத வேண்டும். இத்தகைய நிலையில் தாயின் குடியுரிமையை முதன்மை ஆதாரமாக வைத்து விண்ணப்பிப்பதே உறுதியான வழி என்பது என் கருத்து. முஸ்லிம் குடும்பங்கள் தமது விவாகப் பதிவுப் பிரதியை முஸ்லிம் விவாகப் பதிவாளரின் பதிவு வழியே பெற வேண்டும். தந்தை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும், காணாமற்போயிருந்தால் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்கிவரும் காணாமற்போனமைக்கான சான்றிதழையும் சேர்க்கலாம். அந்தச் சான்றிதழைப் பெறுவது அவரைத் தேடும் உரிமையைக் கைவிடுவது ஆகாது.

பெயர்களை ஒப்பிடுதல்

கோவை திருப்பி அனுப்பப்படாமல் தடுக்கக்கூடிய வேலை இதுவே. ஆகவே இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். பெரிய தாள் ஒன்றில் தாய், தந்தை, பிள்ளை மூவருக்கும் தனித்தனிக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் ஆவணத்திலும் அவரவர் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை, சரியென்று நீங்கள் நினைக்கும் எழுத்தில் அன்றி, அங்கு உள்ள எழுத்திலேயே பார்த்து எழுதுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டையும் எழுத வேண்டும்.

அப்போது சில வேறுபாடுகள் கண்ணில் படும். இலங்கைப் பதிவில் சிறிதரன் என்றிருப்பவர் தமிழகத்தில் ஸ்ரீதரன் ஆகியிருப்பார். தாயின் பெயருக்கு முன் அவருடைய தந்தையின் முதலெழுத்து இருக்க, பிரசவ மருத்துவமனையில் கணவரின் முதலெழுத்தை எழுதியிருப்பார்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள நீண்ட பெயர், முகாம் அட்டையில் வீட்டில் அழைக்கும் பெயராகச் சுருங்கியிருக்கும். கரையிறங்கிய நாளில் வாய்மொழியாகச் சொன்ன வயதை வைத்து யாரோ ஓர் அலுவலர் குறித்த பிறந்த ஆண்டு, பின்னர் எல்லா அட்டைகளிலும் தொடர்ந்திருக்கும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டையும் முதலெழுத்து வேறுபாட்டையும், இரு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்று கூறும் சத்தியக் கடதாசியால் இணைக்கலாம். ஆனால் முற்றிலும் வேறான பெயரையோ, வேறான பிறந்த திகதியையோ சத்தியக் கடதாசியால் மூடிவிட முயல வேண்டாம்; அங்கே மூல ஆவணத்தையே உரிய அலுவலகத்தில் திருத்த வேண்டும். எந்த ஆவணத்தைத் திருத்துவது என்ற கேள்விக்கு விடை எளிது: முதலில் எழுதப்பட்ட பிறப்புப் பதிவே ஆதாரம், ஏனையவை அதனுடன் ஒத்துப்போக வேண்டும். பிள்ளையின் இந்தியச் சான்றிதழில் தாயின் பெயர் தவறாக இருந்தால் இந்தியப் பதிவாளரிடம் திருத்தம் கேளுங்கள். தாயின் அடையாள அட்டையில் தவறு இருந்தால் ஆட்பதிவுத் திணைக்களத்திடம் கேளுங்கள். எந்தக் காரணம் கொண்டும் பேனாவால் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள்.

தாமதத்துக்கான விளக்கக் கடிதம்

ஓராண்டு கடந்த பிள்ளைகளுக்கு இந்தக் கடிதமே கோவையின் உயிர். நீங்கள் பட்ட துயரம் முழுவதையும் எழுத வேண்டும் என்று மனம் சொல்லும். ஆனால் படிப்பவர் தேடுவது திகதிகளையும் இடங்களையும், ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றையும் ஆகும். எங்கிருந்து எப்போது இடம்பெயர்ந்தீர்கள், எந்த முகாமில் எந்த இலக்கத்தில் பதியப்பட்டீர்கள், பிள்ளை எப்போது எந்த மருத்துவமனையில் பிறந்தது, ஏன் அப்போது பதியவில்லை, எப்போது நாடு திரும்பினீர்கள், இப்போது எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிக்கிறீர்கள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். ஒரு மாதிரி:

“நாங்கள் 2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து இந்தியாவுக்குச் சென்று, இணைப்பு 3 இல் உள்ள குடும்ப அட்டையின்படி முகாமில் பதியப்பட்டோம். எமது மகள் 2011 ஆம் ஆண்டு அரசு மருத்துவமனையில் பிறந்தார். முகாமிலிருந்து வெளியே செல்ல அனுமதி பெற வேண்டியிருந்தமையாலும், சென்னைக்குப் பயணம் செய்யும் வசதி எமக்கு இல்லாமையாலும், குறித்த காலத்துக்குள் அவருடைய பிறப்பைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிய இயலவில்லை. நாம் நாடு திரும்பிய திகதியை இணைப்பு 6 இல் உள்ள பயணப் பத்திரம் காட்டுகிறது.”

உங்கள் காரணம் இதுவல்லவாயின் இதை எழுத வேண்டாம். பதிய வேண்டும் என்ற விதியே தெரியாது என்பது உண்மையாயின், அதையே எழுதுங்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் ஏற்பாட்டில் திரும்பியவர்கள் அதற்கான கடிதத்தை இணைக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பும் உறுதிப்படுத்தலும்

தமிழகத்துப் பிறப்புச் சான்றிதழ் வழக்கமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவது குறைவு. அரபு மொழிச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அந்நாட்டு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். பிறந்த நாட்டை விட்டுப் புறப்படும் முன்னரே இதை முடிப்பது பெருஞ்செலவைத் தவிர்க்கும். பெற்றோரின் கையெழுத்துத் தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து இணையுங்கள். தமிழில் அலுவல் புரியும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆயினும் பிள்ளையின் கோவை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரிடம் நீங்கள் வரைந்த ஒப்பீட்டுத் தாளையும் கொடுத்து, பிள்ளையின் சான்றிதழில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டல் மூலத்துக்கு முரணின்றி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் இயங்குவதால், ஆவண உறுதிப்படுத்தல் தொடர்பாகக் கொழும்புக்குப் புறப்படும் முன் அங்கே விசாரியுங்கள். மூலப் பத்திரம் எதையும் லெமினேட் செய்ய வேண்டாம். பின்புறத்தில் முத்திரை பதிக்க முடியாமற் போகும்.

கோவையைச் சமர்ப்பித்தல்

விண்ணப்பம் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவுக்கு உரியது. படிவத்தையும் நடப்புக் கட்டணத்தையும் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதப் பதிவுக்கு மேலதிகக் கட்டணம் கேட்கப்பட்டால், மீள்திரும்பிய அகதிகள் என்ற வகையில் விலக்கு உண்டா என்று அங்கேயே கேளுங்கள். மூலங்களை ஒரு கோவையிலும், இணைப்பு இலக்கமிட்ட நிழற்பிரதிகளை இன்னொரு கோவையிலும், உங்களுக்கான முழுத் தொகுதியை வீட்டிலும் வைத்திருங்கள். மாவட்டச் செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ நடமாடும் சேவை நடைபெறும் அறிவித்தல் வந்தால், கோவை அரைகுறையாக இருந்தாலும் கொண்டுசென்று காட்டுங்கள்; குறைவது எது என்பதைப் பயணச் செலவின்றி அறியலாம். கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பற்றுச்சீட்டையும் கோவை இலக்கத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோரின் பெயர்கள் ஆகியவற்றை ஒப்பீட்டுத் தாளுடன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பின்னர் அதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியொன்றைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து, அனுமதிப் பதிவேட்டிலும் பிள்ளையின் பெயர் அதே எழுத்துக்கூட்டலில் இருக்குமாறு செய்யுங்கள். அடையாள அட்டை விண்ணப்பமும் பரீட்சை விண்ணப்பமும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன. மூலச் சான்றிதழை இந்தியப் பிறப்புச் சான்றிதழுடன் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்; கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் இரண்டும் சேர்த்தே கேட்கப்படும்.